கையறுநிலையும் கபன் துணியும்

உயர்தர வகுப்பில் புறத்திணைத் துறைகளைப் படிப்பிக்கும்போது, கையறுநிலைக்கு வந்தால் நான் கொஞ்சம் மெதுவாகத்தான் போவேன். தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்து வாழ்ந்தவர்கள் செயலற்று நின்று வருந்துவதைச் சொல்லும் துறை அது. பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள பாட்டை உதாரணம் காட்டுவது வழக்கம். போன வருடம் ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், மௌத்தானது வாப்பா. கை அறுந்தது ஏன் புள்ளைகளுக்கு?"

கை என்பது இங்கே செயலைக் குறிக்கும், கையறுதல் என்றால் செயலறுதல் என்று விளக்கினேன். அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். பாடமும் முடிந்தது. கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஏனென்றால் கை அறுந்து நின்ற நாளொன்று என் வாழ்க்கையிலும் உண்டு. நம் சமூகத்தில் பல வீடுகளில் உண்டு. நேசித்தவர்களை இழந்தபின் மார்க்கம் நமக்கு என்ன தருகிறது என்று அந்த நாளுக்குப் பிறகுதான் நான் ஒழுங்காக யோசித்தேன். ஆறுதல் வார்த்தை தருகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வார்த்தைக்கு முன்னால் அது கைக்கு வேலை தருகிறது என்பது பிந்தித்தான் விளங்கியது.

அந்த வேலையை நான் முதலில் கற்றது 2014இல், என் மாமி மௌத்தானபோது. அதுவரை மையித்துக் குளிப்பாட்டும் இடத்துக்குள் நான் போனதில்லை. பயம். ஊரில் குளிப்பாட்டும் மூத்த பெண் என் கையில் கோப்பையைத் தந்து, "ஊத்து புள்ள, ஒன்ட மாமிதானே" என்றார். ஊற்றினேன். மாமியின் வலது கையைப் பிடித்துக் கழுவியபோது என் நடுக்கம் நின்றது. அழுகை நிற்கவில்லை. ஆனால் அழுதுகொண்டே ஒரு காரியத்தைச் சரியாகச் செய்ய முடிந்தது.

குளிப்பாட்டும் முறைக்கு அடிப்படையாக உள்ள ஹதீஸை அறிவிப்பவர் உம்மு அதிய்யா (ரழி). நபி (ஸல்) அவர்களின் மகள் ஒருவர் மௌத்தானபோது குளிப்பாட்டிய பெண்களில் அவரும் ஒருவர். வலப்பக்கத்திலிருந்தும் வுழூச் செய்யும் உறுப்புகளிலிருந்தும் தொடங்குவது, ஒற்றைப்படையாகக் கழுவுவது, தண்ணீரில் இலந்தை இலை சேர்ப்பது, கடைசித் தடவையில் கற்பூரம் சேர்ப்பது எல்லாம் அங்கிருந்துதான் நமக்கு வருகின்றன. மகளின் கூந்தலை மூன்று பின்னலாகப் பின்னி விட்டதையும் அவர் சொல்கிறார். குளிப்பாட்டி முடிந்ததும் நபியவர்கள் தமது இடுப்புத் துணியைக் கழற்றிக் கொடுத்து, அதை மகளின் உடலோடு ஒட்டிச் சுற்றும்படி சொன்னார்கள். நான் இந்த ஹதீஸைச் சட்டத்துக்காகத்தான் முதலில் படித்தேன். இப்போது படித்தால் ஒரு வாப்பாவைத்தான் பார்க்கிறேன். மகளுக்குத் தன்னால் செய்ய முடிந்த கடைசிக் காரியத்தை அவர் தேடிச் செய்திருக்கிறார்.

குளிப்பாட்டுவது, கபனிடுவது, தொழுவிப்பது, அடக்குவது என்ற நான்கும் பர்ளு கிபாயா என்பது நமக்குத் தெரியும். சிலர் செய்தால் எல்லோருடைய கடமையும் நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். அதாவது ஒரு வீட்டின் மௌத்து ஊரின் வேலையாகிவிடுகிறது. சந்தூக்கைத் தூக்கிச் செல்லும் ஆண்களைப் பாருங்கள். நாலு தப்படிக்கு ஒருவர் தோள் கொடுக்கிறார், பின்னால் வருபவர் மாற்றிக்கொள்கிறார். கபுறடியில் ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போடுகிறார்கள். முஃதாப் போரில் ஜஃபர் (ரழி) ஷஹீதான செய்தி வந்தபோது, அவருடைய குடும்பத்துக்குச் சாப்பாடு செய்து கொடுங்கள், அவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். மையித்து வீட்டுக்கு அயல்வீட்டிலிருந்து சோறு வரும் நம் ஊர் வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. இழந்தவனுக்கும் ஒரு வேலை, அயலவனுக்கும் ஒரு வேலை.

இந்த இடத்தில் ஸபூர் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மையித்து வீட்டில் யாராவது அழுதால் உடனே "ஸபூர் செய்ங்க" என்போம். அழாதே என்ற பொருளில்தான் பெரும்பாலும் சொல்கிறோம். ஆனால் யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூஸுபை இழந்த துக்கத்தில் கண்கள் வெளுக்குமளவு வருந்தியதை அல்குர்ஆனே சொல்கிறது. அழகிய பொறுமை என்ற சொல் வருவதும் அவர்களுடைய வரலாற்றில்தான். தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் சொன்னார்கள். முறையிடுவது ஸபூருக்கு எதிரானதாக இருக்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் கைக்குழந்தையாக மௌத்தானபோது நபியவர்களின் கண்கள் நீர் வடித்தன. கண் அழும், உள்ளம் வருந்தும், ரப்புக்குப் பொருத்தமில்லாததை நாவு சொல்லாது என்பதே அவர்கள் காட்டிய வழி. கன்னத்தில் அறைந்து, உடையைக் கிழித்து ஒப்பாரி வைப்பதைத்தான் மார்க்கம் தடுத்தது. அதே நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. இப்றாஹீமின் மௌத்துக்காகத்தான் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள். மகனை இழந்த நாளிலும் அந்தத் துக்கத்துக்கு வானத்தைச் சாட்சி வைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

ஸப்ர் என்ற அரபுச் சொல்லுக்கு அடக்கிப் பிடித்தல், தடுத்து வைத்தல் என்ற அடிப்படைப் பொருள் உண்டு. நாம் அதைப் பொறுமை என்று மொழிபெயர்க்கிறோம். தமிழில் பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். பொறை என்ற ஒரே சொல் பாரத்தையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும், கர்ப்பத்தையும் குறிக்கும். என் மனசுக்கு இந்த மொழிபெயர்ப்பு நன்றாகப் பொருந்துகிறது. பாரம் இல்லை என்று நடிப்பவர் பொறுமையாளர் ஆகமாட்டார். பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவரே பொறுமையாளர். தூக்குவதற்குக் கை வேண்டும். அந்தக் கையை வெட்டிவிட்டால்?

என் உம்மா 2009இல் ஹஜ்ஜுக்குப் போனவர். வரும்போது இரண்டு கபன் துணி கொண்டுவந்தார், இரண்டையும் ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து. ஒன்று வாப்பாவோடு 2012இல் கபுறுக்குப் போனது. மற்றது உம்மாவின் அலுமாரியில், அத்தர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்தது. மாமியைக் குளிப்பாட்டிவிட்டு வந்த அன்று உம்மா என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். "எனக்கும் நீதான் புள்ள ஊத்தணும். பயப்படாத." நானும் சரி என்றேன்.

2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட்டால் மரணித்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்றது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்த காலம் அது. எரிப்புக்கு எதிரான மனுக்களை டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் அதே மாதம் எரிக்கப்பட்டது. கொழும்பு கனத்தை மயானத்தின் வாசலில் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள் மக்கள். அதில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள்.

அந்த டிசம்பரில்தான் என் உம்மா ஒரு வைத்தியசாலையில் மௌத்தானார். நீரிழிவு, மூச்சுத் திணறல், பிறகு தொற்று. செய்தி தொலைபேசியில் வந்தது. எங்கள் வீடு தனிமைப்படுத்தலில் இருந்தது. காக்கா மட்டும் போய் தூரத்தில் நின்று ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் காட்டவில்லை. அடுத்த வீட்டு ராத்தா கேற்றடியில் சோற்றுப் பார்சலை வைத்துவிட்டு, தெருவில் நின்று அழுதார். நான் அலுமாரியைத் திறந்தேன், துணியைப் பார்த்தேன், மூடினேன். திரும்பத் திறந்தேன். அன்று முழுக்க என் கை செய்த வேலை அவ்வளவுதான்.

எரிப்பு நம் மக்களை ஏன் அவ்வளவு உலுக்கியது என்று பிற சமூக நண்பர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உயிர் போனபின் உடலுக்கு என்ன என்று அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்கள். மையித்தின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது என்பது நாம் படித்த ஹதீஸ். மரணித்தவரின் உடலுக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையைச் செய்வது உயிரோடிருப்பவரின் கடமை. உம்மாவுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்பது ஒரு பாதி. எனக்குச் செய்யக் கிடைக்கவில்லை என்பது மறுபாதி. பலருடைய துக்கம் இன்னும் ஆறாமல் இருப்பதற்கு இந்த மறுபாதி பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் பாதிக்கு மருந்து ஹதீஸில் கிடைத்தது. முன்னைய சமூகத்தில் ஒருவர், தான் பாவி என்று அஞ்சி, தான் இறந்தபின் உடலை எரித்து, சாம்பலைக் கடலிலும் கரையிலும் தூவிவிடும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார். அவர்களும் அப்படியே செய்தார்கள். அல்லாஹ் கடலுக்கும் கரைக்கும் கட்டளையிட்டு அவரை ஒன்றுசேர்த்து, ஏன் செய்தாய் என்று கேட்டான். உன்னுடைய பயத்தால் என்றார். அவரை மன்னித்தான். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. மனிதனுடைய எலும்புகளை நாம் ஒன்றுசேர்க்கமாட்டோம் என்று நினைக்கிறானா என்ற கருத்தில் சூறத்துல் கியாமாவும் கேட்கிறது. சாம்பலில் இருந்து ஒருவரை எடுக்க முடியாத ரப்பை நான் வணங்கவில்லை. அதுவும் என் உம்மா தானாக விரும்பிப் போன நெருப்பில்லை அது. கொள்ளைநோயில் மௌத்தான முஃமினுக்கு ஷஹீதின் கூலி உண்டு என்பதும் நபிமொழிதான். இதையெல்லாம் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொன்னேன். அறிவு ஏற்றது. கை மட்டும் சும்மா இருந்தது.

இரண்டாவது பாதிக்கு வழி காட்டியவர் ஸஃத் இப்னு உபாதா (ரழி). அவருடைய தாய் மௌத்தானபோது அவர் ஊரில் இல்லை. திரும்பி வந்து நபியவர்களிடம், நான் இல்லாத நேரம் உம்மா மௌத்தாகிவிட்டார், அவருக்காக ஏதாவது ஸதகா செய்தால் பயன்படுமா என்று கேட்டார். ஆம் என்றார்கள். உடனே மிக்ராப் என்ற தன் தோட்டத்தை உம்மாவுக்காக ஸதகா செய்தார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்கக் கிடைக்காத ஒரு மகனுடைய கை என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, ஸாலிஹான பிள்ளையின் துஆ என்று மரணத்தோடு நின்றுவிடாத மூன்றை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். இவற்றில் பிள்ளையின் துஆ முழுக்க உயிரோடிருப்பவரின் வேலை. ஆகவே கடமை முடிந்துவிடவில்லை. அடைபட்ட வாசலுக்குப் பக்கத்தில் வேறு வாசல் இருக்கிறது.

2021 பெப்ரவரி 25ஆம் திகதிய வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அங்கே மூவாயிரத்துக்கும் அதிகமான உடல்கள் உறங்குகின்றன. முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்றச் சமூகத்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்தச் செய்தியை வாசித்தேன். நீதி கேட்பவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஸபூரின் பெயரால் அவர்களை வாய்மூடச் சொல்லக்கூடாது. ஆனால் என் கைக்கு வேலை அதற்கு முன்பே வந்துவிட்டது.

2022, பெற்றோலுக்கும் காஸுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இடியப்பம் அவித்து விற்ற ஒரு வயதான பெண் மௌத்தானார். ஒரே மகள். துணி விலை ஏறிக் கிடந்தது. பள்ளிவாசலில் கேட்கலாமா என்று அந்தப் பிள்ளை யோசித்துக்கொண்டு நின்றாள். நான் வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். இந்தத் தடவை துணியை வெளியே எடுத்தேன். உம்மாவுக்காக என்று நிய்யத் வைத்துக்கொண்டேன்.

குளிப்பாட்டும் இடத்துக்குள் வர அந்த மகளுக்குப் பயம். வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கோப்பையில் தண்ணீர் அள்ளி அவளுடைய கையில் கொடுத்தேன்.

"வலப்பக்கத்தில இருந்து ஊத்து புள்ள" என்றேன். "ஒன்ட உம்மாதானே."