பேரேடு மாறும்போது

கணக்கு எழுதுவது நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. நெசவாளர் வாங்கிய நூலுக்கும் பெற்ற கூலிக்கும், விவசாயி இட்ட உரத்துக்கும் விற்ற விளைபொருளுக்கும் கணக்கு வைக்கின்றனர். பழைய பேரேட்டை மூடும்போது அதன் இறுதி இருப்பு, காசு பிசகாமல் புதிய பேரேட்டின் முதல் வரியாக ஏற வேண்டும் என்பதையும் நாம் அறிவோம். குடும்பக் கணக்கைக் கம்ப்யூட்டரில் எழுதுவோர், ஒரு செயலியை விட்டு மற்றொன்றுக்கு மாற நேர்ந்தால் என் செய்வது? இதனைச் சிறிது ஆராய்வோம்.

இது வீண் கவலையன்று. ‘மைக்ரோசாப்ட் மணி’ என்னும் செயலியில் பலர் ஆண்டுக்கணக்காகத் தம் வரவு செலவை எழுதி வந்தனர். 2009 ஜூன் 30-உடன் அதன் விற்பனை நின்றது. எழுதிய கணக்கு அழியவில்லை. ஆயினும், மற்றச் செயலிகள் நேரே படிக்கவியலாத வடிவில் அது இருந்தது. ஏடு நம்முடையது, பூட்டு பிறருடையது என்ற நிலை!

இத்தகைய நேரத்தில் உதவுவது பொதுவான எழுத்து வடிவம். இன்டியூட் நிறுவனம் தன் ‘குயிக்கன்’ செயலிக்காக வகுத்த கியூ.ஐ.எப். என்பது அத்தகையது. தேதி, தொகை, பெற்றவர் பெயர், செலவின் தலைப்பு ஆகியவை தனித்தனி வரிகளாக வரும். வரியின் முதல் எழுத்தே அது யாதென உணர்த்தும். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் கூரை போன்ற ஒரு குறி நிற்கும். ‘மணி’ செயலி இவ்வடிவில் கணக்கை வெளியே தரும். விலையின்றிக் கிடைக்கும் ‘குனூகேஷ்’ போன்ற செயலிகள் அதனை ஏற்றுக்கொள்ளும்.

எனினும் இரண்டு இடங்களில் விழிப்பு வேண்டும்.

முதலாவது, ‘மணி’ செயலி ஒரு வேளைக்கு ஒரு கணக்கை மட்டுமே வெளியே தரும். பாங்கியிலிருந்து ரூ. 5,000 எடுத்து ரொக்கப் பெட்டியில் வைத்தோம் என்று கொள்வோம். அது பாங்கிக் கணக்கில் பற்றாகவும் ரொக்கக் கணக்கில் வரவாகவும் இரு கோப்புகளிலும் வரும். கோப்புகளைத் தனித்தனியே ஏற்றினால் ஒரே தொகை இருமுறை பதிவாகலாம். ஆகவே எல்லாக் கோப்புகளையும் ஒருங்கே ஏற்றுவதே முறை. அப்பொழுது ‘குனூகேஷ்’ அவ்விரு பதிவுகளையும் பொருத்திப் பார்க்கும்.

இரண்டாவது, தேதி. 03-04 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. நாள் முன்னதா, மாதம் முன்னதா என்பதைக் கியூ.ஐ.எப். கோப்பு சொல்வதில்லை. நமக்கோ மார்ச் 31-இல் கணக்காண்டு முடிகிறது. தேதி புரண்டால் இவ்வாண்டு வாங்கிய நூல் சென்ற ஆண்டின் செலவாகிவிடும்; இரண்டு ஆண்டுகளின் கணக்கும் கெடும். தேதியின் வரிசை எதுவென்று செயலி வினவும்போது, அவசரப்படாமல் விடையளிக்க வேண்டும்.

இனி, மாற்றியபின் சரிபார்ப்பது எங்ஙனம்? பழைய செயலியை மூடுமுன், ஒவ்வொரு கணக்கின் இன்றைய இருப்பையும், ஒவ்வொரு மார்ச் 31-ஆம் நாள் இருப்பையும் ஒரு தாளில் குறித்துக்கொள்க. புதிய செயலியில் அதே நாட்களின் இருப்பை அத்தாளுடன் ஒப்பிடுக. வித்தியாசம், கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிய தொகை ஒன்றுக்குச் சமமாயின், அத்தொகை இருமுறை ஏறியிருக்கலாம். இறுதி இருப்பு ஒத்தும் ஆண்டிறுதி இருப்பு ஒவ்வாவிடில், தேதியை ஐயுறுக. எல்லாம் ஒத்த பின்னும் பழைய கோப்பை அழித்துவிடலாகாது. பிரதியெடுத்துப் பாதுகாத்தல் நன்று.

புதிய செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அழகையும் வசதியையும் மட்டும் பார்ப்பது போதாது. எழுதிய கணக்கை மற்றொரு செயலி படிக்கும் வடிவில் வெளியே எடுக்க வழி உண்டா என்று முதலிலேயே கேட்டறிய வேண்டும். கணக்கு எழுதியவருக்கே உரியது. வேண்டும்போது அதை எடுத்துச்செல்ல இயலாத ஏட்டில், நம் உழைப்பின் கணக்கை எழுதுவானேன்?