ஒரு சோறு பதம் போதுமா?

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். சோற்றுக்கு இது சரி. கணிப்பொறிக்கு எழுதும் நிரலுக்கும் சரியாகுமா? பார்ப்போம்.

குற்றாலச் சாரலுக்குப் பெயர்பெற்ற தென்காசி வட்டாரத்தில் மத்தளம்பாறை என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு ஸோகோ என்னும் மென்பொருள் நிறுவனம் இங்கே அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் குறைகளைத் தீர்க்க உதவும் 'ஸோகோ டெஸ்க்' இங்கு உருவானதே. இத்தகைய மென்பொருள்கள் உலாவி வழியே பல நாடுகளில் இயங்குகின்றன. உலாவியில் இயங்கும் நிரல்களுக்குரிய முதன்மையான மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995இல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் இதன் முதல் வடிவத்தை அமைத்தார்.

பெரிய நிரல் என்பது பல சிறு செயற்கூறுகளின் தொகுப்பு. நிரலாளர் இதனை ஃபங்ஷன் என்பர். அரிசியைப் போட்டால் மாவு தரும் இயந்திரத்தைப் போல, தரவைக் கொடுத்தால் இது விடை தரும். ஒவ்வொரு செயற்கூறையும் தனியே சோதிப்பது அலகுச் சோதனை.

'இது லீப் ஆண்டா?' என்று சொல்லும் செயற்கூறு ஒன்றை எழுதுவோம். ஆண்டு நான்கால் மீதியின்றி வகுபட்டால் 'ஆம்', இல்லாவிட்டால் 'இல்லை'. 2024ஐக் கொடுத்தோம், 'ஆம்' என்றது. ஒரு சோறு வெந்துவிட்டது! அவசரப்படாமல் ஓர் அட்டவணை எழுதுவோம்.

2023 – இல்லை
2024 – ஆம்
1900 – இல்லை
2000 – ஆம்

இடப்பக்கம் இருப்பது தரவு. வலப்பக்கம் வரவேண்டிய விடை. சோதனைக் கருவி என்பதும் ஒரு சிறு நிரலே. அது அட்டவணையை வரிவரியாகப் படித்து, செயற்கூறை இயக்கி, வந்த விடையை வரவேண்டிய விடையுடன் ஒப்பிடும்.

1900இல் பிழை என்கிறது கருவி. '100ஆல் வகுபட்டால் இல்லை' என்று திருத்துகிறோம். இப்போது 1900 சரி. ஆனால் முன்பு சரியாக இருந்த 2000 தவறிவிட்டது! '400ஆல் வகுபட்டால் ஆம்' என்று மீண்டும் திருத்தியதும் நான்கு வரிகளும் தேறுகின்றன.

ஒன்றைத் திருத்தப்போய் மற்றொன்று கெட்டதைக் கவனித்தீர்களா? அதனால்தான் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எல்லா வரிகளையும் சோதிக்க வேண்டும். கருவிக்குச் சலிப்பு இல்லை. புதிய ஐயம் தோன்றினால் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும். கருவியைத் தொட வேண்டியதில்லை. இதுவே தரவுவழிச் சோதனை. ஜாவாஸ்கிரிப்டில் 'ஜெஸ்ட்' என்னும் கருவி இவ்வசதியைத் தருகிறது.

வரவேண்டிய விடையை நாமே கணக்கிட்டு எழுத வேண்டும். செயற்கூறு தந்த விடையையே எழுதி வைத்தால், திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான்.

ஒரு வரி விடுபட்டால் என்ன ஆகும்? 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 30 ஜிகாபைட் 'ஸூன்' இசைக்கருவிகள் செயலற்று நின்றன. 2008 லீப் ஆண்டு. அன்று 366ஆம் நாள். தேதியைக் கணக்கிடும் நிரல் அந்த ஒரு நாளில் முடிவில்லாச் சுழலில் சிக்கிக்கொண்டது. 'லீப் ஆண்டு, நாள் 366' என்ற வரியைச் சோதித்திருந்தால் பிழை முன்பே அகப்பட்டிருக்கும்.

எல்லா வரிகளும் தேறினாலும் பிழையே இல்லை என்று பொருளல்ல. சோதித்த இடங்களில் பிழை இல்லை, அவ்வளவே. ஆகவே பிழை பதுங்கக்கூடிய எல்லைகளைத் தேடிச் சோதிக்க வேண்டும்.

மாணவர்களே! 100க்கு 35 எடுத்தால் தேர்ச்சி. மதிப்பெண்ணைக் கொடுத்தால் தேர்ச்சியா எனச் சொல்லும் செயற்கூறுக்கு எந்த வரிகளை எழுதுவீர்கள்? 34, 35 மட்டும் போதுமா? 0? 101? தாளை எடுத்து அட்டவணை போட்டுப் பாருங்கள்.