நெற்றியில் மட்டும் ஏன் மேடு?

வேற்றுக்கிரகவாசிகள் வரும் அமெரிக்கத் தொடர்களைப் பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. எங்கோ கோடானுகோடி மைல் தள்ளியிருக்கிற கிரகத்திலிருந்து வருகிறவனுக்கும் நம்மைப் போலவே இரண்டு கண், ஒரு வாய். வித்தியாசம் என்று பார்த்தால் நெற்றியில் ஒரு மேடு, மூக்கில் நாலு மடிப்பு. கற்பனைக்கு அவ்வளவு பஞ்சமா? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். பணமும் நேரமும் போதாமல் போனது உண்மைதான். ஆனால் அந்த மேடு அங்கே இருப்பதற்கு அது மட்டும் காரணமில்லை.

‘ஸ்டார் ட்ரெக்’ தொடரையே எடுத்துக்கொள்வோம். 1966-ல் தொடங்கிய முதல் தொடரில் கிளிங்கான் என்ற போர்க்குணம் கொண்ட இனத்துக்கு மாநிறப் பூச்சு, அடர்ந்த புருவம், மீசை, இவ்வளவுதான் ஒப்பனை. அதற்கு மேல் செலவழிக்க வழியில்லை. 1979-ல் திரைப்படம் எடுத்தபோது பணம் வந்தது, நெற்றியில் எலும்பு வரிசையும் வந்தது. 1987-ல் ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடங்கியபோது ஒப்பனைப் பொறுப்பு மைக்கேல் வெஸ்ட்மோர் கைக்கு வந்தது. அவருடைய தாத்தா ஜார்ஜ் வெஸ்ட்மோர் 1917-ல் ஹாலிவுட்டில் முதல் ஒப்பனைத் துறையை அமைத்தவர். அப்பாவும் சித்தப்பாக்களும் அதே தொழில். மைக்கேல் ‘மாஸ்க்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிவிட்டுத்தான் இந்தத் தொடருக்கு வந்தார்.

இந்த மேட்டை எப்படிச் செய்கிறார்கள்? முதலில் நடிகரின் முகத்தை அச்செடுக்க வேண்டும். பல் மருத்துவர்கள் தாடையை அச்செடுக்கப் பயன்படுத்தும் ஆல்ஜினேட் என்ற பொடியைத் தண்ணீரில் குழைத்து முகம் முழுக்கப் பூசுவார்கள். கடற்பாசியிலிருந்து வருகிற பொருள்தான். சில நிமிடங்களில் இறுகிவிடும். மூக்குத் துவாரம் இரண்டும் திறந்திருக்கிறதா என்று ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆல்ஜினேட் வளைந்துவிடாமல் இருக்க, அதன்மேல் எலும்பு முறிவுக்குப் போடுகிற மாவுக்கட்டுத் துணியைச் சுற்றுவார்கள். கழற்றி எடுத்த அந்தக் குழிவுக்குள் ஜிப்சம் சிமென்ட் கலவையை ஊற்றினால் நடிகரின் முகம் கல்லாகக் கிடைத்துவிடும்.

அந்தக் கல்முகத்தின் மேல் களிமண்ணால் வேற்றுக்கிரகவாசியை உருவாக்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். எலும்பு, மடிப்பு, சுருக்கம் எல்லாம் வைத்தபிறகு தோல் துவாரங்கள் வேண்டுமே? ஆரஞ்சுத் தோலின் மேல் ரப்பர் பாலைப் பூசி, காய்ந்ததும் உரித்து, அந்த ரப்பர் துண்டைக் களிமண்ணில் அழுத்துவார்கள். ஆரஞ்சுத் தோலின் புள்ளிகள் அப்படியே கிளிங்கான் நெற்றியில் பதிந்துவிடும். சுருக்கக் கோடுகள் கூர்மையாகத் தெரிந்தால் பொய் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் களிமண்மேல் விரித்து, தாளின் வழியாகக் கோடு கீறுவார்கள். விளிம்பு மழுங்கி, வயதானவரின் சுருக்கம்போல அமையும்.

பிறகு அந்தக் களிமண் முகத்தை எதிர் அச்செடுக்கிறார்கள். இரண்டு அச்சையும் பிரித்து, களிமண்ணைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டு, மறுபடி மூடினால் களிமண் இருந்த இடம் மட்டும் வெற்றிடமாக இருக்கும். அந்த இடத்தை நிரப்புவதுதான் ஃபோம் லேடெக்ஸ்.

லேடெக்ஸ் என்பது ரப்பர் பால். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதை நுரை தருகிற சோப்புக் கரைசலோடும் கந்தகம் கலந்த பொருளோடும் சேர்த்து, கேக் மாவு அடிக்கிற அதே மிக்ஸரில் அடிக்கிறார்கள். முதலில் வேகமாக அடித்தால் நுரை பொங்கும். பிறகு வேகத்தைக் குறைத்து நெடுநேரம் ஓட்டினால் பெரிய குமிழிகள் உடைந்து, பாலைக் கெடாமல் வைத்திருந்த அம்மோனியாவும் வெளியேறும். கடைசியில் உறைய வைக்கிற பொருளைச் சேர்த்ததும் கையில் இருப்பது சில நிமிடம்தான். அதற்குள் அச்சில் ஊற்றி மூடி, குறைந்த சூட்டில் மணிக்கணக்காக ஓவனில் வேகவிட வேண்டும். அன்றைக்குக் காற்றில் ஈரம் கூடினாலோ அறையின் சூடு மாறினாலோ கலவை சொன்னபடி கேட்காது. அனுபவம் உள்ளவர்கள்கூட எத்தனையோ துண்டுகளைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

வெந்து வருகிற துண்டு கனமே இல்லாமல், பஞ்சுபோல, தோலோடு சேர்ந்து அசையும். அதன் உயிர் விளிம்பில்தான் இருக்கிறது. முறுகல் தோசை நடுவில் தடித்து ஓரத்தில் கண்ணாடியாக மெலிந்து போகிறதல்லவா, இதுவும் அப்படி ஓரத்தில் ஒன்றுமில்லாமல் போக வேண்டும். விளிம்பு தடித்தால் எவ்வளவு அழகான சிற்பமாக இருந்தாலும் முகமூடி என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒட்டும்போது நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக நகர்ந்து, விளிம்பைக் கடைசியில் பசை தொட்ட மெல்லிய தூரிகையால் தோலோடு படியவைக்கிறார்கள்.

அடுத்தது வண்ணம். மனிதத் தோலுக்குள் வெளிச்சம் கொஞ்சம் நுழைந்து திரும்புகிறது. நுரை ரப்பரில் நுழையாது. ஒரே நிறத்தை அடித்தால் சுவரில் சுண்ணாம்பு அடித்ததுபோல உயிரில்லாமல் நிற்கும். அதனால் சிவப்பு, பச்சை, பழுப்பு என்று ஒவ்வொரு நிறத்தையும் நீர்க்கத் தெளித்துத் தெளித்து அடுக்குகிறார்கள். ரப்பர் வளையும்போது வண்ணம் வெடிக்காமல் இருக்க, ஒட்டுகிற பசையிலேயே அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்து பூசுவார்கள்.

இத்தனை பாடுபட்டுச் செய்த துண்டின் ஆயுள் ஒரே நாள். இரவில் கழற்றும்போது விளிம்பு கிழிந்துவிடும். மறுநாள் புதிது வேண்டும். வோர்ஃப் என்ற கிளிங்கானாக நடித்த மைக்கேல் டோர்ன் இரண்டு தொடர்களில் 270-க்கும் மேற்பட்ட அத்தியாயங்களில் வந்திருக்கிறார். ஒவ்வொரு படப்பிடிப்பு நாளுக்கும் ஒரு புது நெற்றி! திரைப்படத்தில் ஒரு ஒப்பனைக்கு மாதக்கணக்காகத் தயாராகலாம். தொலைக்காட்சியில் ஏறக்குறைய எட்டு நாளைக்கு ஓர் அத்தியாயம். அடுத்த வாரம் எந்தக் கிரகத்து ஆள் வரப்போகிறான் என்பதே கதை கைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

இப்போது மேட்டுக்கு வருவோம். நாம் பேசும்போதும் சிரிக்கும்போதும் முகத்தில் அதிகம் அசைவது வாய், கன்னம், கண்ணோரம். நெற்றியின் மேல்பகுதியும் மூக்குத்தண்டும் அவ்வளவாக அசைவதில்லை. ஒரு நடிகர் தன் மனதைக் காட்டுகிற பகுதியைத் திறந்து விட்டுவிட்டு, மற்ற இடத்தில் வேற்றுக்கிரகத்தை வைத்தார் வெஸ்ட்மோர். ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் மதுக்கடை நடத்தும் குவார்க்கைப் பாருங்கள். பிரம்மாண்டமான தலை, யானைக் காது, பெரிய மூக்கு, கூரான பல். ஆனால் ஆர்மின் ஷிமர்மனின் கண்ணும் வாயும் அவருடையவை. அதனால்தான் அந்தக் கபட வியாபாரி பயப்படுவதும் பாசம் காட்டுவதும் நமக்குப் புரிகிறது. அதே தொடரில் டாக்ஸ் என்ற வேற்றுக்கிரகப் பெண்ணாக நடித்த டெரி ஃபாரலுக்கு, டாக்ஸின் இனத்துக்கு முன்பு வைத்திருந்த நெற்றித் துண்டையே எடுத்துவிட்டு, நெற்றியோரத்திலிருந்து கழுத்துவரை புள்ளிகளைக் கையால் வரைந்தார்கள். குறைத்ததால் கெட்டுப்போகவில்லை, அழகுதான் கூடியது.

பிறகு சிலிகான் வந்தது. தோலைப்போல வெளிச்சத்தை உள்ளே விடும், உயர்தரக் கேமராவின் முன்னும் தாக்குப்பிடிக்கும். ஆனால் கனம் அதிகம். 2017-ல் வந்த ‘டிஸ்கவரி’ தொடரின் கிளிங்கான்களைப் படமாகப் பார்த்தால் சிற்ப வேலையில் குறையே சொல்ல முடியாது. பேசத் தொடங்கினால் வாய் நகர மறுக்கிறது. அங்கே சிற்பி ஜெயித்தார், நடிகர் தோற்றார் என்பது என் கருத்து. அதே தொடரில் சாரு என்ற பாத்திரத்தில் நடித்த டக் ஜோன்ஸின் முகம் முழுக்க மூடியிருந்தும் நடிப்பு நிற்கிறது. காரணம் அவர் விரல் நுனிவரை உடம்பால் நடிக்கத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர்.

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதையுமில்லை. 1996-ல் ‘அவ்வை சண்முகி’யில் கமல்ஹாசனை மாமியாக்கியவர் இதே மைக்கேல் வெஸ்ட்மோர்தான். அப்போது ஸ்டார் ட்ரெக் தொடர்களும் அவர் பொறுப்பில் ஓடிக்கொண்டிருந்தன. ‘இந்தியன்’ சேனாபதியிலும் ‘தசாவதாரம்’ படத்தின் வேடங்களிலும் அவர் கை இருக்கிறது. அவ்வை சண்முகி இன்றும் நம்மைச் சிரிக்க வைக்கிறாள் என்றால் அந்தக் கன்னங்களுக்கு அடியில் கமலின் முகம் தாராளமாக அசைவதுதான் காரணம். தசாவதாரத்தின் சில வேடங்களில் ரப்பர் தடித்துவிட்டது. ஆள் மாறியது தெரிந்தது, நடிப்பு உள்ளேயே தங்கிவிட்டது. செய்தவர் ஒருவரே, தடிமன்தான் வேறு.

ஒன்று செய்து பாருங்கள். குவார்க் வருகிற ஏதாவது ஒரு காட்சியையும் அவ்வை சண்முகியில் ஒரு காட்சியையும் ஒலியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். வாயோரத்தையும் கீழ் இமையையும் மட்டும் கவனியுங்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது வசனமே இல்லாமல் உங்களுக்குப் புரிந்தால், அந்த ஒப்பனை நல்ல ஒப்பனை.