தறி செய்யும் கை

சென்ற மழைக்காலத்தில் எமது காரியாலயத்தில் இரண்டு சாமான்கள் ஒரே வாரத்தில் பழுதாயின. ஒன்று, எமது தகப்பனார் வக்கீல் தொழில் நடத்திய காலத்தில் செய்வித்த தேக்கு நாற்காலி. மற்றொன்று, மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு கடையில் நாம் வாங்கிய மேஜை. நாற்காலியின் பின்கால் பொருத்துவிட்டு ஆடியது. மேஜையின் மேற்பலகையோ, கூரையிலிருந்து ஒழுகிய நீர் பட்டு உப்பிப் பிளந்துவிட்டது. கடைக்காரரிடம் சொன்னோம். "இதைப் பழுது பார்ப்பதில்லை, புதிது வாங்கிக் கொள்ளுங்கள்" என்றார். நாற்காலியைப் பற்றியும் கேட்டோம். "இதையும் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதே லாபம்" என்று யோசனை கூறினார்.

அந்த யோசனையை ஏற்காமல் நாற்காலியைக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தச்சாசாரியிடம் அனுப்பினோம். அவருக்கு நாற்காலி முக்கியத் தொழிலன்று. நெசவாளருக்குத் தறி செய்து கொடுப்பதும், பழைய தறியைச் செப்பனிடுவதுமே அவருடைய ஜீவனம். அவர் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். பொருத்தின்மேல் வெந்நீர்த் துணியைச் சுற்றினார். சிறிது நேரத்தில் பழைய வச்சிரம் இளகிற்று. கொட்டாப்புளியால் இலேசாகத் தட்டியவுடன், கால் ஒரு சிராய்கூடப் பெயராமல் கையோடு வந்தது. உள்ளே கழுந்து தேய்ந்திருந்தது. அதே ஜாதி மரத்தில் மெல்லிய சில்லு சீவி, கழுந்தின் இருபுறமும் ஒட்டி, துளைக்குச் சரியாக இழைத்து, மீண்டும் பொருத்தி, மூங்கில் முளை ஒன்றை அறைந்தார். "ஐயா, இதைச் செய்தவர் இரும்பாணி அடிக்கவில்லை, அடித்திருந்தால் மரம் வெடித்திருக்கும், நானும் காப்பாற்றியிருக்க முடியாது. பின்னால் ஒருவன் பிரிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்" என்றார்.

இந்த வார்த்தை நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு சாமானைப் பழுது பார்க்க முடியுமா என்பது, அது பழுதாகும் நாளில் தீர்மானமாவதில்லை. செய்யப்படும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும் பொருள். அகலவாட்டில் அது வெகுவாக அசையும். நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. இதை அறிந்த தச்சர் அகன்ற பலகையை நான்கு புறமும் இறுக்கிப் பிணைக்காமல், சட்டத்தின் காடியில் சற்று இடம் விட்டுச் செருகுவார். ஓரங்குலக் கனமுள்ள பலகையை நிழலில் ஒரு வருஷமாவது காயவிட்ட பின்னரே உளி வைக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. மரத்தூளையும் சிராய்களையும் பிசினிட்டு அழுத்திய பலகைக்கு இந்த விதிகள் இல்லை. அதில் ஒரு முறை திருகாணி பிடுங்கிக்கொண்டால் அதே துளை மறுபடி ஆணியைப் பிடிப்பதில்லை; நீர் புகுந்து உப்பினால் பழைய உருவம் திரும்புவதில்லை. விலை மலிவு என்பது மெய்யே. ஆனால் மூன்று மேஜைகளின் விலையைக் கூட்டிப் பார்த்த பிறகு மலிவைப் பற்றிப் பேசுவோமாக.

நிற்க. நாற்காலி ஆடினால் வக்கீல் வேறு நாற்காலியில் உட்காருவார். தறி ஆடினால் நெசவாளர் என்ன செய்வார்? இவ்விஷயத்தில்தான் காஞ்சிபுரத்துத் தச்சுப் பட்டறை தனி முக்கியத்துவம் பெறுகிறது.

காஞ்சிப் பட்டைப் பற்றி எழுதாதவர் இல்லை. 2005-06-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் யாவரும் அறிவர். ஆனால் அந்தப் பட்டு எதன்மேல் பிறக்கிறது என்று கேட்பவர் குறைவு. கைத்தறி என்பது நெசவாளருடைய உடலுக்கும் அவர் வீட்டுக்கும் அளவெடுத்துச் செய்யும் மரச்சாமான். வீட்டின் நீள அகலம், குழியின் ஆழம், நெய்பவருடைய காலின் நீளம், அவர் கை எட்டும் தூரம், சேலையின் அகலம் ஆகிய இத்தனையையும் பார்த்தே மரம் அறுக்க வேண்டும். பாவு சுற்றிய மரமும் நெய்த துணியைச் சுற்றும் படைமரமும் ஒன்றுக்கொன்று இம்மியும் கோணாமல் இருக்கவேண்டும். கோணினால் ஒரு கரை இறுகும், மறு கரை தொய்யும். பட்டின் விலையே போய்விடும். அச்சைத் தாங்கும் பலகை ஒவ்வோர் இழைக்கும் முன்னும் பின்னும் அடித்துக்கொண்டே இருப்பது. ஆகையால் அதன் பொருத்துக்கள் வருஷத்துக்கு வருஷம் தளரும்.

காஞ்சிக்கே உரிய கோர்வை நெசவை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம், இரு கரைகளும் வேறு நிறம். இதற்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெய்பவரோடு கரை நாடாவைத் தள்ள மற்றொருவரும் உட்காருவது வழக்கம். உடலும் கரையும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அவ்வளவு நுட்பத்தையும் தாங்குவது மரச் சட்டமே. முற்காலத்தில் 'அடை' என்னும் நூற்கட்டைக் கொண்டு பூவேலை எடுத்தார்கள். பிறகு, பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு 1804-ல் அமைத்த இயந்திரத்தின் வழிவந்த பெட்டி, துளையிட்ட அட்டைகளோடு தறியின்மேல் ஏறிற்று. அந்த அட்டையைக் கண்டே சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்கு வழி தேடினார் என்பது சரித்திரம். அத்தகைய பாரத்தைத் தலைமேல் சுமந்தும் அசையாதிருக்கும்படி பழைய தறியை வலுப்படுத்திக் கொடுத்தவர்கள் உள்ளூர்த் தச்சர்களே. அவர்கள் பெயரை எந்தச் சேலையின் முந்தானையிலும் காணமுடியாது.

மரத்தை அறிந்த ஊர் காஞ்சி. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் புஷ்கரிணியில் அத்தி மரத்தாலான பெருமாள் திருமேனி நீருக்குள் எழுந்தருளியிருக்கிறது. 40 வருஷங்களுக்கு ஒரு முறை அதை வெளியே எடுத்து 48 நாள் தரிசனம் செய்விக்கிறார்கள். 1979-க்குப் பின் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை அந்த வைபவம் நடந்தது. பக்தர்கள் இதைத் திருவருள் என்பார்கள். மரநூல் அறிந்தவர், காற்று எட்டாத நீருக்கடியில் மரத்தை அரிக்கும் பூஞ்சை வளர்வதில்லை என்பார். வெனிஸ் நகரத்து மாளிகைகள் சேற்றுக்குள் இறக்கிய மரக்கம்பங்களின்மேல் நூற்றாண்டுக் கணக்காக நிற்பதும் இதனாலேயே. உத்ஸவ வாகனங்களும் தேர்களும் அப்படியல்ல. அவை வெயிலையும் மழையையும் தோள்களின் குலுக்கலையும் தாங்குபவை. இலுப்பை, வேங்கை, தேக்கு என்று மரம் தேர்ந்து செய்த தேரும், தளர்ந்த பொருத்தைக் கவனித்துக் கட்டைகளை மாற்றி வந்தால்தான் வீதியில் உருளும். தேர் செய்தவரைப் புகழ்கிறோம். அதை ஓடவைத்துக்கொண்டிருப்பவரை மறந்துவிடுகிறோம்.

இந்த மறதிக்குக் காரணம் என்ன? படித்தவர்களாகிய நாமே காரணம் என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. இங்கிலீஷ் படிப்பு நம்மை நாற்காலியில் உட்காரப் பழக்கிற்று. நாற்காலி செய்தவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தவும் பழக்கிற்று. பத்திரத்தில் பிழை வந்தால் பிழைதிருத்தப் பத்திரம் எழுதுகிறோமேயன்றிச் சொத்தையே வேண்டாமென்று எறிந்துவிடுவதில்லை. தாளில் காட்டும் இந்த அக்கறையை மரத்தில் காட்டத் தெரியாதவர்களானோம்.

காந்தியடிகளும் பாரிஸ்டர்தான். 1910-ல் தென்னாப்பிரிக்காவில், ஜோஹானஸ்பர்க்குக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணையை ஏற்படுத்தினார். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வசித்தன. அவர்களில் தமிழர் பலர். அவருடைய நண்பர் காலன்பாக் தொழிலால் கட்டடச் சிற்பி. அவர் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்று, பிறருக்குக் கற்பித்தார். காலன்பாக்குக்குத் தச்சு வேலையும் ஓரளவு தெரியுமாதலால், பிள்ளைகளுக்குச் சிறு தச்சு வகுப்பும் நடந்தது. இந்த அனுபவத்தின் தொடர்ச்சியே 1937 அக்டோபரில் வார்தா மகாநாட்டில் உருவான ஆதாரக் கல்வி. தஞ்சாவூரில் பிறந்து லண்டனில் கணக்குத் தொழில் கற்ற ஜே. ஸி. குமரப்பா, 1934-ல் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். சுரங்கத்திலிருந்து எடுக்க எடுக்கக் குறையும் பொருளை நம்பிய வாழ்வு சண்டையில் முடியும் என்றும், மரம்போல் மீண்டும் வளரும் பொருளை அளவோடு உபயோகிக்கும் வாழ்வே நிலைக்கும் என்றும் அவர் எடுத்துக் காட்டினார். வளரும் பொருளையும் வளரும் வேகத்துக்கு மேல் வெட்டினால் அதுவும் சுரங்கம்போலவே ஆகிவிடும். அறுபது வருஷத் தேக்கில் செய்த சாமான் அறுபது வருஷமாவது உழைக்க வேண்டாமா?

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கைத்தொழிலைப் போற்றுகிறேன் என்று சொல்லி, தச்சன் மகன் தச்சனாகவே இருக்கட்டும் என்று விதிப்பது அநியாயம். 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் பழகலாம் என்றது. ஜனங்கள் அதைக் குலக்கல்வி என்று கூறி எதிர்த்தார்கள்; 1954-ல் காமராஜர் முதல் மந்திரியானபின் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் உளியை வெறுக்கவில்லை. உளியைப் பிறப்போடு கட்டிய கயிற்றையே வெறுத்தார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. மத்திய சர்க்கார் 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கிய விசுவகர்மா திட்டம் தச்சர் உள்ளிட்ட 18 தொழிலாளருக்குப் பயிற்சியும், கருவிகளுக்கு 15,000 ரூபாயும் தருகிறது. அதில் பரம்பரைத் தொழில் என்ற நிபந்தனை இருப்பதைத் தமிழக சர்க்கார் ஆட்சேபித்து, 2025 ஏப்ரல் 19-ல் காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த குன்றத்தூரில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதில் 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 50,000 ரூபாய் வரை மானியமும் உண்டு, பரம்பரை கேட்பதில்லை. கட்சிப் பேச்சை ஒதுக்கிவிட்டு நோக்கினால், தொழில் யாருக்கும் திறந்திருக்கவேண்டும் என்பதே நம் அபிப்பிராயமும்.

எனினும் கடனும் மானியமும் கருவி வாங்கித் தரும். கை வாங்கித் தருமா? தறி ஆசாரியிடம் நாம் கேட்டோம்: "இந்த வேலை உங்களுக்குப் பின் யாருக்குத் தெரியும்?" அவர் இழைப்புளியை நிறுத்தாமலே, "பையன் கம்பெனியில் இருக்கிறான். கற்றுக்கொள்ள வேறு யாரும் வரவில்லை. வந்தால் சொல்லித் தரமாட்டேன் என்றா சொல்வேன்?" என்றார். மகன் கம்பெனிக்குப் போனதில் தவறில்லை. வேறொருவர் அந்தப் பட்டறைக்கு வராததே தேசத்தின் நஷ்டம். 2019-20-ல் எடுத்த கைத்தறிக் கணக்கின்படி இத்தேசத்தில் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் கைத்தறித் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுடைய தறிகள் முறிந்தால் மூட்டுவார் யார் என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர்.

"இயந்திர யுகத்தில் இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இயந்திரம் பெருகிய தேசங்களே இன்று பழுது பார்க்கும் கையைத் தேடுகின்றன. ஆம்ஸ்டர்டாம் நகரில் 2009-ல் ஒரு மாதர் தொடங்கிய பழுது பார்க்கும் கூடத்தில், உடைந்த சாமானைக் கொண்டு வருபவரும் கைத்திறன் உள்ளவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். அந்த வழக்கம் பல தேசங்களுக்குப் பரவிவிட்டது. வீட்டு இயந்திரங்களைச் செப்பனிட்டுத் தரும் கடமையை உற்பத்தியாளர்மேல் சுமத்தி 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியது. நம் மத்திய சர்க்காரும் 2022-ல் பழுது பார்க்கும் உரிமையை ஆராயக் கமிட்டி அமைத்தது. உரிமை வருவது நல்லதே. ஆனால் கை இல்லாத இடத்தில் உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

ஆகையால் நாம் செய்யவேண்டிய காரியம் மூன்று என்று தோன்றுகிறது. முதலாவது, காஞ்சிபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுகூடி ஒரு பொதுத் தச்சுப் பட்டறை ஏற்படுத்தி, தறி வேலை அறிந்த முதியவர்களைச் சம்பளத்தோடு ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். எந்தச் சாதியாரும், ஆணும் பெண்ணும், அங்கே கற்கலாம். இரண்டாவது, சர்க்கார் பள்ளிகளில் உடைந்த பெஞ்சுகளை ஏலத்துக்கு அனுப்புமுன், வாரத்தில் இரண்டு மணி நேரம் மாணவர்கள் அவற்றைத் தச்சர் ஒருவரிடம் பயின்று செப்பனிடட்டும். வக்கீலின் மகனும் அந்த வகுப்பில் உட்காரட்டும். ஏழையின் பிள்ளைக்கு மட்டும் உளி கொடுக்கும் திட்டம் நமக்கு வேண்டாம். மூன்றாவது, நம் கையிலேயே இருப்பது. அடுத்த முறை ஒரு மேஜை வேண்டுமானால், அளவு சொல்லி உள்ளூர்ப் பட்டறையில் செய்விப்போம். பழுதானால் அதே பட்டறைக்கு அனுப்புவோம். கூலியில் பேரம் பேசாதிருப்போம்.

1905 ஆகஸ்டு 7-ல் கல்கத்தாவில் சுதேசிப் பிரதிக்ஞை செய்தார்கள். அந்த ஞாபகமாகவே 2015 முதல் அந்நாள் தேசீயக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று கைத்தறிச் சேலையை வாங்கிப் படம் பிடித்துக்கொள்பவர் பலர். வருகிற ஆகஸ்டு 7-ல் அன்பர்கள் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து ஒரு தறியின் பொருத்துக்களைத் தொட்டுப் பார்க்கட்டும். நம் தகப்பனாரின் நாற்காலி இப்போது ஆடவில்லை. அதில் உட்கார்ந்தே இதை எழுதினோம்.