கடையும் கைக்குழந்தையும்

சென்ற ஆண்டு தவக்காலத்து ஞாயிறொன்றில் இரண்டாம் பூசையை முடித்துத் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளந்தாய் இடுப்பில் கைக்குழந்தையும் கையில் ஒரு கட்டுக் காகிதமுமாக வந்து நின்றாள். பின்னால் அவள் கணவன், மூத்த மகளின் கையைப் பிடித்தபடி. “சாமி, இதைப் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. கையெழுத்துப் போடலாமா?” என்றாள். இருபத்திரண்டு பக்கங்களில் ஆங்கிலத்தில் அச்சான ஒப்பந்தம் அது. பல ஊர்களில் கிளை பரப்பியுள்ள ஒரு சிற்றுண்டிக் கடையின் பெயரை எடுத்து, ஒரகடம் கூட்டுச்சாலையருகே கடை திறக்கப் போகிறார்களாம். குருமடத்தில் எனக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள். வாணிப ஒப்பந்தம் கற்பிக்கவில்லை. ஆயினும் அன்றிரவு உட்கார்ந்து முழுவதையும் படித்தேன்.

ஒரகடத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடம் அது. 2010-இல் ரெனோ-நிசான் கார் ஆலை, 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலை, 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலை என வரிசையாக எழும்பின. அருகிலுள்ள வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கான பெரிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கட்டில்கள் அத்தனை இருக்கின்றன. தொட்டிலுக்கு அங்கே இடமில்லை. விடுதி என்பது தனித்து வாழும் பெண்களுக்கு உரியது. அதைக் குறை கூற இயலாது. ஆனால் மணமாகிப் பிள்ளை பெற்ற பின் அப்பெண் எங்கே போவாள்? ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டதும், நடுவண் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டதும், நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுத்ததும் நேயர்கள் நினைவில் இருக்கலாம்.

நான் கூறும் தாயும் ஓர் ஆலையில் பணியாற்றியவளே. முதல் குழந்தைக்குப் பின் சமாளித்தாள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பேருந்து. வாரந்தோறும் மாறும் ஷிப்டு. கணவனுக்கும் அதே ஷிப்டு வாழ்க்கை. ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாத வாரங்கள் இருந்தனவாம். இரண்டாம் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். “சொந்தக் கடைன்னா நேரம் நம்ம கையில இருக்கும்ல சாமி?” என்பதே அவள் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்காக நகையை அடகு வைக்கவும், கணவனின் சேமநல நிதியிலிருந்து எடுக்கவும் துணிந்திருந்தார்கள்.

இப்பொழுது எங்கும் ‘பிரான்சைஸ்’ என்று பேசப்படும் இவ்வாணிபம் புதியதன்று. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் மார்த்தா மடில்டா ஹார்ப்பர் என்ற பெண்மணி 1888-இல் ஒரு கூந்தல் பராமரிப்பு நிலையம் தொடங்கினார். கனடாவில் ஏழை வீட்டில் பிறந்து, ஏழு வயதிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர் அவர். 1891 முதல் தம் பெயரையும் முறையையும் கற்றுத்தந்து, பிற ஊர்களில் கிளை நடத்தும் உரிமையைத் தம்மைப் போன்ற ஏழை உழைக்கும் பெண்களுக்கே வழங்கலானார். உச்ச காலத்தில் ஏறத்தாழ 500 கிளைகள் இருந்தன. அந்நிலையங்களில் வாடிக்கையாளரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. தாய்மாரின் தொல்லை இன்னதென்று அறிந்த கை எழுதிய திட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் சென்னையில் 2000-ஆம் ஆண்டில் வீணா குமரவேல் தொடங்கிய நேச்சுரல்ஸ் அழகு நிலையமும், கிளைகளைப் பெண்களே ஏற்று நடத்த ஊக்கமளித்து வளர்ந்த நிறுவனந்தான். ஆகவே இத்தொழில் பெண்களுக்கு ஆகாது என்று நான் சொல்லப் புகவில்லை.

ஆனால் என் கையிலிருந்த ஒப்பந்தம் வேறு விதமாகப் பேசியது. ஆண்டின் 365 நாளும் கடை திறந்திருக்க வேண்டும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. முன்னறிவிப்பின்றி மூடினால் அபராதம். சரக்கு முழுவதையும் அவர்களிடமே வாங்க வேண்டும். ஐந்தாண்டு முடிந்து புதுப்பிக்க விரும்பினால் மீண்டும் கட்டணம். ராயல்டியோ விற்பனையின் மீது கணக்கிடப்படும், இலாபத்தின் மீதன்று. இந்த ஒரு வரியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பேச்சுக்கு, நூற்றுக்கு ஆறு ராயல்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் இரண்டு இலட்சத்துக்கு விற்றால் பன்னிரண்டாயிரம் அவர்களுக்குச் செலுத்தியாக வேண்டும். வாடகையும் கூலியும் எரிவாயுவும் போக உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாத மாதத்திலும் அந்தப் பன்னிரண்டாயிரம் குறையாது. ஆலைகளை நம்பியே கடை நடக்கும் எங்கள் சாலையில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கி ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதை நாம் கண்டோம் அல்லவா?

அமெரிக்காவில் 1979 முதல் இதற்கென விதி உண்டு. கட்டணம், வழக்குகள், மூடிய கிளைகள் முதலிய விவரங்களை எழுத்தில் தந்து, குறைந்தது 14 நாள் கழிந்த பின்னரே கையெழுத்து வாங்கலாம் என்பது இன்றைய விதி. நம் நாட்டில் இவ்வாணிபத்துக்கெனத் தனிச்சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே பெரிதும் துணை. எனவே அந்தப் பதினான்கு நாளை நாமே நமக்கு விதித்துக்கொள்வது நலம். அதற்குள் அதே பெயரில் கடை நடத்தும் இருவரையாவது, நடத்திக் கைவிட்ட ஒருவரையாவது தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். விற்பவர் கொடுக்கும் முகவரிகள் மட்டும் போதா.

மறுநாள் மாலை இருவரையும் அழைத்தேன். “எட்டு மணி நேர ஷிப்டை விட்டுப் பதினாறு மணி நேரத்துக்குப் போகிறாயே அம்மா. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் கடையைத் திறப்பது யார்?” என்று கேட்டேன். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த குழல்விளக்கைப் பார்த்தான்.

ஆலைத் தொழிலாளிக்குச் சட்டத்தின் துணை சிறிதேனும் உண்டு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்கும் ஊதியத்துடன் 26 வார விடுப்பு வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டுமென்றது. கடை முதலாளியம்மாவுக்கு அந்த விடுப்பை யார் கொடுப்பார்? தாய்மார் பிள்ளைகளைக் கைவிட்டுத்தான் முன்னேற வேண்டும் என்ற நிலை இருத்தலாகாது, தொழிலின் அமைப்பே இல்லத்தின் தேவைக்கு இசைந்து வர வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிய தம் 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். ஆலைக்குச் சொன்னது கிளைக்கடைக்கும் பொருந்தும்.

இல்லத்துக்கு இசைந்த தொழில் உண்டா என்றால், உண்டு. 1959-இல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் நினைவுக்கு வருகிறது. காலையில் மாவை வாங்கிச் சென்று, வீட்டில் உருட்டி உலர்த்தி, மறுநாள் கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். உறுப்பினர் யாவரும் பங்குடையோர். அங்கே நேரம் தாயின் கையில் இருக்கிறது; ஆனால் அப்பளம் உருட்டுவதில் கிடைக்கும் வருவாய்க்கு ஓர் எல்லை உண்டு. இதை அவளிடம் சொன்னேன். “அது எங்க வாடகைக்கே பத்தாது சாமி” என்றாள். அவள் கணக்கு சரியே. நான் வாதாடவில்லை.

அவர்கள் கையெழுத்தை ஒரு மாதம் தள்ளிப் போட்டார்கள். நிறுவனத்துக்கு மூன்று வேண்டுகோள் எழுதினோம், ஆங்கிலம் என்னுடையது. வார விடுமுறை கேட்டதை மறுத்தார்கள். நோய், சாவு முதலிய காரணங்களுக்காக ஆண்டில் பன்னிரண்டு நாள் அபராதமின்றி மூட இசைந்தார்கள். கடைப் பொறுப்பில் இன்னொருவர் பெயரையும் சேர்க்க ஒப்பினார்கள். அந்த இன்னொருவர் கணவனின் அக்காள். கைம்பெண், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர். காலை ஆறு முதல் இரண்டு வரை அவர், பிறகு இவள். முதல் ஷிப்டு வாரங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் கணவன் கடையில் நிற்பதென்றும், அவள் வீடு திரும்புவதென்றும் ஒரு தாளில் எழுதி மூவரும் ஒப்பமிட்டார்கள். அந்தத் தாளை மட்டும் தமிழில் எழுதினோம்.

கடை திறந்து ஏழு மாதமாகிறது. ராயல்டியும் கடன் தவணையும் போக மிஞ்சுவது அவளுடைய பழைய ஆலைச் சம்பளத்துக்கு இன்னும் எட்டவில்லை. அதை அவளே மறைக்காமல் சொல்கிறாள். சென்ற மாதம் சின்னவனுக்கு அம்மை வார்த்து எட்டு நாள் அவள் கடைப்பக்கம் போகவில்லை. நாத்தனார் காலையில் திறந்தார், மாலையில் கணவன் நின்றான், பிற்பகல் மட்டும் நாலு நாள் மூடியிருந்தது. பன்னிரண்டில் நாலு போயிற்று என்று கணவன் என்னிடம் விரல் விட்டு எண்ணிக் காட்டினான்.