எலி சொல்வதும் சொல்லாததும்

'இந்த மூலிகைச் சாறு எலிகளில் கருத்தரிப்பைத் தடுத்தது' என்று ஓர் ஆய்வு முடிவு வெளியானதும், புதிய கருத்தடை மருந்து கிடைத்துவிட்டதாகவே பலர் கருதிவிடுகின்றனர். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்த முடிவின் மதிப்பு என்ன என்பதையே நான் முதலில் கேட்பேன்.

ஆய்வகத்தில் இரண்டு கேள்விகள் எழுப்பப்படுகின்றன. முதலாவது, அந்தச் சேர்மம் ஹார்மோன்போலச் செயல்படுகிறதா என்பது. பருவமடையாத பெண் எலிகளுக்குச் சில நாள்கள் அதைக் கொடுத்துக் கருப்பையின் எடையைப் பார்க்கின்றனர். எடை கூடினால் அது ஈஸ்ட்ரோஜெனை ஒத்தது. ஈஸ்ட்ரோஜெனுடன் சேர்த்துக் கொடுக்கும்போது எடை உயர்வு தடைபட்டால், அதற்கு எதிரானது. இரண்டாவது, கரு தங்குவதை அது தடுக்கிறதா என்பது. இணைசேர்ந்த எலிகளுக்கு முதல் சில நாள்கள் மருந்து கொடுத்து, கருப்பையில் பதிந்த கருக்களைப் பத்தாம் நாளளவில் எண்ணுகின்றனர். மருந்து பெறாத எலிகளுடன் ஒப்பிட்டால்தான் இவ்விரு விடைகளுக்கும் பொருளுண்டு.

எலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 22 நாள்களே. ஆகவே, குறைந்த செலவில் விரைவாக விடை கிடைக்கிறது. ஆனால், எலி மனிதரின் சிற்றுருவம் அன்று. பருத்தி விதையிலுள்ள காசிப்பால் எலிகளிலும், சீனாவில் சோதிக்கப்பட்ட ஆண்களிலும் விந்தணுக்களைக் குறைத்தது. எனினும், ஆண்களில் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது. சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னரும் கருவளம் மீளவில்லை. அம்முயற்சி கைவிடப்பட்டது.

இதற்கு மாறாக, லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமேன் வெற்றி கண்டது. ஸ்டீராய்டு அல்லாத இச்சேர்மம் எலிச் சோதனைகளைக் கடந்து, மனிதர்களிடமும் நீண்டகாலம் ஆராயப்பட்டு, 1991-இல் 'சஹேலி' என விற்பனைக்கு வந்தது. 'சாயா' என்ற பெயரில் அரசின் குடும்பநலத் திட்டத்தில் சேர 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும் உட்கொள்ளும் மலிவான மாத்திரையில் தனியாருக்குப் பெரிய ஆதாயம் இராது. அத்தகைய மருந்தை இறுதிவரை கொண்டுசேர்க்கப் பொதுப் பணம் தேவை.

கருத்தடை மருந்தை உட்கொள்வோர் நோயாளிகள் அல்லர், நலமுடைய பெண்கள். பல்லாண்டுகள் உட்கொள்ளப்போகும் மருந்துக்குப் பாதுகாப்பின் அளவுகோலும் உயர்ந்திருத்தல் வேண்டும். எனவே, அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: எவ்வளவு மருந்து கொடுத்தனர்? நிறுத்தியபின் கருவளம் மீண்டதா? அடுத்தகட்ட ஆய்வுக்குச் செலவிடப்போவது யார்? மூன்றாம் கேள்விக்கு விடை இல்லையெனில், நல்ல மருந்தும் ஆய்வேட்டோடு நின்றுவிடும்.