மழைக்காலத்தில் வீட்டைச் சுற்றிச் சேறு: காரணமும் தடுப்பும்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், காவிரி டெல்டாவின் களிமண் ஊர்களில் பல வீடுகளின் வாசலும் கொல்லையும் சேறாகிவிடுகின்றன. பகல் முழுவதும் சம்பா வயலில் நனைந்த கால், வீட்டிற்கு வந்த பிறகும் உலர்வதற்கு இடமில்லை. சேற்றுப்புண் ஆறாததற்கு இதுவே முக்கியக் காரணம். மாடுகளுக்குக் குளம்பிடுக்கில் அழுகல் ஏற்படுகிறது. சேறு படிந்த காம்புகள் வழியாக மடிநோய் வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீர் காலிலுள்ள புண் வழியே உடலுக்குள் சென்றால் எலிக்காய்ச்சல் உண்டாகும். ஆகவே இதை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பெரும்பாலோர் செய்வது என்ன? சேறான இடத்தில் ஒரு வண்டி மண்ணையோ மணலையோ கொட்டுகிறார்கள். பத்து நாட்களில் அதுவும் சேற்றோடு கலந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு மீண்டும் ஒரு வண்டி. இது ஏன் பயன் தருவதில்லை என்பதை நெல் பயிரிடும் உங்களுக்கு எளிதாக விளக்கலாம். நடவுக்கு முன் வயலில் நீரைக் கட்டிச் சேறடிக்கிறோம் அல்லவா? ஈரமான களிமண்ணை மிதித்துக் கலக்கும்போது மண்கட்டிகள் உடைந்து, துளைகள் அடைபட்டு, நீர் கீழே இறங்குவது குறைகிறது. வயலில் நாம் வேண்டுமென்றே செய்யும் இந்த வேலையை வாசலில் மாடும் மனிதரும் தெரியாமல் செய்துவிடுகிறோம். நீர், களிமண், மிதி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சேறு. களிமண்ணை மாற்ற இயலாது. மிதிப்பதை முழுவதும் தவிர்க்க இயலாது. நீரை விலக்குவது ஒன்றே நம் கையில் உள்ளது.

கூரை நீர்

வாசலுக்கு வரும் நீரில் பெரும்பகுதி வானத்திலிருந்து நேராக விழுவதன்று, கூரையிலிருந்து வழிவது. 600 சதுர அடிக் கூரையின் மீது 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 2,800 லிட்டர் நீர் இறவாரம் வழியாகச் சுவரோரம் கொட்டுகிறது. இதனால் சுவரின் அடிப்பகுதியும் நனைந்து பலமிழக்கிறது. இறவாரத்தின் நேர்க்கீழே ஓரடி அகலம், அரையடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, சரளை அல்லது நன்கு வெந்த செங்கல் உடைசலை நிரப்பி விடவும். வேகாத செங்கல் வேண்டாம். அது நீரில் கரைந்து தானும் சேறாகும். தகரத் தாழ்வாரம் வைக்க வசதியிருந்தால் இன்னும் நல்லது.

வீட்டிலிருந்து வெளிப்புறமாகத் தரை 10 அடிக்கு இரண்டரை அங்குலமாவது சரிந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்து இதை முடிவு செய்ய இயலாது. கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாய் ஒன்று போதும். வாய்க்காலின் முடிவு குளம், வடிகால் அல்லது வாழைக் கொல்லையில் சேர வேண்டும். பக்கத்து வீட்டு வாசலில் முடியக் கூடாது. தெருவில் பாதிச் சண்டைக்கு இதுவே காரணம். வெட்டுவதற்கு முன் அண்டை வீட்டாரிடம் பேசிவிடுவது நலம்.

உறிஞ்சுகுழி பற்றிப் பலர் கேட்கிறார்கள். செம்மண் பகுதிகளில் அது நன்றாகவே பயன்படும். டெல்டாவின் களிமண்ணில் கார்த்திகை மாதத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது குழியே நிரம்பிக் கிடக்கும். அங்கே வடிகாலை நம்புவதே சரி. சமையலறை, குளியலறை நீரைத் தனியாகப் பிரித்து வாழைக்கு விடலாம்.

நடைபாதையும் மாடு கட்டும் இடமும்

முற்றம் முழுவதையும் மேடாக்கத் தேவையில்லை. தெருவிலிருந்து வாசற்படி, அங்கிருந்து மாட்டுக் கொட்டில், அடிபம்பு என்று நாள்தோறும் நடக்கும் தடத்தை மட்டும் உறுதியாக்கினால் போதும். சித்திரை, வைகாசியில் தரை நன்கு காய்ந்திருக்கும்போது இதைச் செய்யவும். மேல்மண்ணைச் சீராக்கி, பழைய உரச்சாக்குகளை ஒன்றின்மேல் ஒன்று ஓரடி படியுமாறு விரிக்கவும். கீழுள்ள களி மேலேறிக் கலக்காமல் இவை தடுக்கும். அதன்மேல் நான்கு அங்குலம் செங்கல் உடைசல், அதற்கும் மேல் இரண்டு அங்குலம் சரளைமண். ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்துத் திமிசால் இடித்து இறுக்க வேண்டும். நடுவில் சற்று உயர்த்தி இருபுறமும் சரிவு விடவும். சாக்கு எங்கும் வெளியே தெரியக் கூடாது. வெயில் பட்டால் நைந்து பிளாஸ்டிக் துணுக்குகளாக உதிர்ந்துவிடும்.

3 அடி அகலம், 40 அடி நீளமுள்ள பாதைக்கு அரையடிக் கனத்தில் 60 கன அடி வேண்டும். இடித்தால் சுருங்குமாதலால் 80 கன அடியாக வாங்கிக்கொள்ளவும். சூளையில் கழிக்கப்பட்ட உடைசல் கிடைத்தால் செலவு வண்டிக் கூலியோடு நிற்கும்.

ஒன்றைக் கவனிக்கவும். ஆண்டுதோறும் மண் கொட்டிக்கொட்டி, வாசல் வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்ட வீடுகளும் உண்டு. சாலையும் உயர்ந்துவிட்டால் மழைநீர் நேரே கூடத்திற்குள் வந்துவிடும். முற்றத்தின் மட்டம் வீட்டுத் தரைக்கு அரையடியாவது தாழ்ந்தே இருக்கட்டும். மேடாகிவிட்டிருந்தால் மண்ணைச் செதுக்கி எடுப்பதே முதல் வேலை.

மாடுகளை இடம் மாற்றி மாற்றிக் கட்டினால் கொல்லை முழுவதும் சேறடிபடும். மேடான ஓரிடத்தில் செங்கல் அல்லது கருங்கல் பாவி அங்கேயே கட்டவும். சிறுநீர் வடிய ஓடை விட்டு எருக்குழியில் சேர்த்தால் தழைச்சத்தும் வீணாகாது. குழி கிணற்றுக்குத் தொலைவாகவும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். வாய்க்கால் கரையில் அருகம்புல் பதித்தால் மண் சரியாது.

இந்த ஆண்டு ஏற்கெனவே சேறாகிவிட்டிருந்தால் புதிதாக மண் கொட்ட வேண்டாம். முதலில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழ வாய்க்கால் கீறித் தேங்கிய நீரை வெளியேற்றவும். நடப்பதற்குப் பனஞ்சட்டமோ தட்டைக் கல்லோ வரிசையாகப் போடலாம். வைக்கோலைப் பரப்புவது நான்கு நாள் ஆறுதல் தரும். பிறகு அதுவே அழுகி நீரைப் பிடித்துவைக்கும். பரப்பினால் வாரத்திற்குள் வாரி எருக்குழியில் போட்டுவிடவும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையுடன் ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து, நீர் எங்கே நிற்கிறது, எப்பக்கம் ஓடுகிறது என்று பார்த்து முளைக்குச்சி அடித்து வையுங்கள். தரை காய்ந்த பிறகு அது எவர் கண்ணுக்கும் தெரியாது.